நான்கு குரல் பாட்டை லூட்டுக்குக் கொண்டுவருவது எப்படி: கிதார் இருந்தாலே தொடங்கலாம்

16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் லூட் (பாதிப் பேரிக்காய் வடிவ உடல் கொண்ட, விரலால் மீட்டும் கம்பி வாத்தியம்) வாசித்தவர்கள் லூட்டுக்கென்றே எழுதப்பட்டதை மட்டும் வாசிக்கவில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து பாடும் பாட்டை எடுத்து, அத்தனை குரல்களையும் ஒரே வாத்தியத்துக்குள் கொண்டுவருவது அவர்களுக்கு அன்றாட வேலை. அச்சில் வந்த முதல் லூட் இசை நூல், 1507-இல் வெனிஸில் பெத்ருச்சி வெளியிட்ட ஸ்பினாச்சினோவின் தொகுப்பு. அதிலேயே இப்படி மாற்றப்பட்ட பாடல்கள் நிறைய. விஞ்ஞானி கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலேயி இந்த வேலைக்காகவே 1568-இல் ‘ஃப்ரோனிமோ’ என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

நம்மில் பலரிடம் லூட் கிடையாது, கிதார் இருக்கும். இந்தப் பாடத்துக்கு அது போதும். மேற்கத்திய நொட்டேஷனை மெதுவாகவாவது படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பென்சிலும் ரப்பரும் பக்கத்தில் இருக்கட்டும், நிறைய அழிக்க வேண்டிவரும்.

1. மூன்றாவது கம்பியை இறக்குங்கள்

ஆறு ஜோடி லூட்டின் கம்பிகள் கீழிருந்து மேலாக ஜி, சி, எஃப், ஏ, டி, ஜி. (முதல் கம்பி பெரும்பாலும் ஒற்றை. மற்றவை இரட்டை இரட்டையாக இருக்கும். நான் ‘கம்பி’ என்று சொல்லும் இடங்களில் லூட்காரர்கள் ‘ஜோடி’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.) கிதாரில் இ, ஏ, டி, ஜி, பி, இ. மூன்றாவது கம்பியான ஜி-யை அரை சுரம் இறக்கி எஃப்-ஷார்ப் ஆக்கிவிட்டால், கம்பிகளுக்கு இடையிலான தூரம் அப்படியே லூட்டுடையது. மூன்றாவது ஃப்ரெட்டில் கேபோ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டால் சுருதியும் லூட்டோடு ஒத்துப்போகும். கேபோ இல்லாவிட்டாலும் பாதகமில்லை, விரல் வைக்கும் இடங்கள் மாறாது.

இனி நான் சொல்லும் சுரப் பெயர்கள் எல்லாம் லூட்டின் பெயர்கள். ஃப்ரெட் எண்ணைக் கேபோவிலிருந்து எண்ணுங்கள்.

2. பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

முதல் முயற்சிக்கு, எல்லாக் குரல்களும் ஏறக்குறைய ஒரே தாளத்தில் சேர்ந்து நகரும் பாட்டு வேண்டும். ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும் குரல்கள் கொண்ட மோட்டெட்டுகளை (பல குரல் பக்திப் பாடல்களை) பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் பரிந்துரைப்பது ‘பெல் கி தியான் மா வி’ என்ற பவான். லாங்ர் நகரத்துப் பாதிரியார் ஒருவர் துவானோ ஆர்போ என்ற புனைபெயரில் எழுதி 1589-இல் வெளியான நடன நூலில் இது இருக்கிறது. நான்கு குரல், கூடவே மேளத்துக்கு ஒரு வரி. இரண்டு கால் கணக்கில் நிதானமாக நடக்கும் நடனம் என்பதால் இடது கைக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். காப்புரிமைச் சிக்கல் கிடையாது. நான்கு வரி ஸ்கோராக இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

அந்தக் காலத்து ஆட்களுக்கு இந்த வசதி இல்லை. பாடல்கள் குரலுக்கு ஒரு புத்தகமாக, தனித்தனியாக அச்சாகி வந்தன. லூட்காரர் ஒரு குரலை எடுத்து டேப்லேச்சரில் (சுருக்கமாக ‘டேப்’: எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று காட்டும் எழுத்துமுறை) ஏற்றுவார், அடுத்ததை அதன்மேல் பொருத்துவார். நான்கு குரலும் ஒன்றாகக் கண்ணில் படும் இடமே அந்த லூட் டேப்தான்.

3. எந்த ஸ்கேலில் என்று முடிவு செய்யுங்கள்

அரேஞ்ச்மென்ட் நன்றாக வருமா வராதா என்பது முக்கால்வாசி இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. பேஸ் குரலில் (நான்கில் மிகக் கீழானது) அடிக்கடி வரும் சுரங்களை, குறிப்பாக வரி முடியும் இடத்தில் வருபவற்றை, வட்டமிடுங்கள். அவை திறந்த கம்பிகளில் விழ வேண்டும். கீழ் மூன்று கம்பிகள் ஜி, சி, எஃப் என்பதால் ஜி-யில் முடியும் பாட்டுக்கு லூட் அருமையாக இடம் கொடுக்கும். பேஸைத் திறந்த கம்பி பார்த்துக்கொண்டால், நான்கு விரல்களும் மேல் குரல்களுக்கு மிச்சம்.

பிறகு இரண்டு எல்லைகளைச் சரிபாருங்கள். பேஸ் ஆறாவது கம்பிக்குக் கீழே போகிறதா? ஓரிரு இடம் என்றால் அந்தச் சுரத்தை மட்டும் ஒரு ஸ்தாயி ஏற்றலாம், அடிக்கடி என்றால் பாட்டையே ஏற்றுங்கள். மேல் குரல் ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டைத் தாண்டி ஓடுகிறதா? அப்படியானால் இறக்குங்கள். கழுத்தில் கட்டிய நரம்பு ஃப்ரெட்டுகள் பெரும்பாலான லூட்டுகளில் எட்டு அளவில்தான் இருக்கும்.

ஸ்கேலை மாற்றத் தயங்க வேண்டாம். டேப் விரல் வைக்கும் இடத்தை மட்டுமே சொல்லும், சுருதியைச் சொல்லாது. அன்றைய லூட்காரர்களும் ஒரே கையமைப்பை ஜி லூட் என்றும் ஏ லூட் என்றும் தேவைப்படி நினைத்துக்கொண்டார்கள்.

4. முதலில் மேல் குரலும் பேஸும் மட்டும்

நடுக் குரல்களைத் தொடாமல், இந்த இரண்டையும் மட்டும் கடைசி வரை டேப்பில் எழுதி வாசியுங்கள். பேஸுக்குக் கட்டைவிரல், மேல் குரலுக்கு ஆள்காட்டியும் நடுவிரலும். இந்த இரண்டு குரல் வடிவமே கேட்க நன்றாக இருக்க வேண்டும். இங்கே தடுமாறினால் நடுவில் எதைச் சேர்த்தாலும் சரியாகாது, மூன்றாவது படிக்குத் திரும்புங்கள்.

வரி முடியும் இடங்களில் ஷார்ப் விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பாடகர்கள் எழுதாமலேயே சேர்த்துப் பாடிய ஷார்ப்புகள் உண்டு. டேப் எழுதுகிறவர் எந்த ஃப்ரெட் என்று சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காலத்துப் பாடகர்கள் எங்கே ஷார்ப் வைத்தார்கள் என்று ஆராய்கிறவர்கள் இன்றைக்கும் லூட் டேப்புகளைப் புரட்டுவது இதனால்தான்.

5. நடுக் குரல்கள்: எதை விடுவது

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் உதாரணத்தை நானே அமைத்துத் தருகிறேன். இந்தக் காலப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு இது: சி மைனர், பிறகு டி மேஜர், பிறகு ஜி மேஜர். டி வரும்போது மேல் குரல் உடனே எஃப்-ஷார்ப்புக்கு இறங்காமல், பழைய ஜி-யிலேயே ஒரு கணம் தங்கி உரசிவிட்டு இறங்கும். அந்த உரசலில்தான் முடிவின் அழகே இருக்கிறது.

முதலில் டி கார்டை மட்டும் பார்ப்போம். பேஸ் டி, ஐந்தாம் கம்பி 2-ஆம் ஃப்ரெட். நடுக் குரல்களில் கீழானதான டெனர் ஏ, மூன்றாம் கம்பி திறந்தது. அதற்கு மேலான ஆல்ட்டோ டி, இரண்டாம் கம்பி திறந்தது. மேல் குரல் எஃப்-ஷார்ப், அதே இரண்டாம் கம்பி 4-ஆம் ஃப்ரெட். ஒரே கம்பியில் இரண்டு சுரம் வாசிக்க முடியாது.

ஒரு வழி, ஆல்ட்டோவை மூன்றாம் கம்பி 5-ஆம் ஃப்ரெட்டுக்கும், டெனரை நான்காம் கம்பி 4-ஆம் ஃப்ரெட்டுக்கும் தள்ளுவது. நான்கு குரலும் கிடைக்கும், நான்கு விரலும் மாட்டிக்கொள்ளும். அதே கையோடு மேல் குரலை ஜி-யிலிருந்து இறக்குவது ஆரம்பநிலைக்காரருக்கு ஆகாத காரியம்.

இன்னொரு வழி, ஆல்ட்டோவின் டி-யை விட்டுவிடுவது. பேஸிலேயே டி இருக்கிறது, கார்டுக்கு எதுவும் குறையவில்லை. நான் தயங்காமல் இதைத்தான் செய்வேன். உண்மையான லூட்டில் இன்னொரு லாபமும் உண்டு. கீழ் ஜோடிகளில் ஒரு கம்பியை ஒரு ஸ்தாயி மேலே கட்டும் வழக்கம் இருந்தது. அப்படிக் கட்டிய லூட்டில் ஐந்தாவது ஜோடியை மீட்டும்போது நாம் விட்ட அதே டி தானாக வந்து சேர்ந்துவிடும்.

அடுத்து அந்த உரசல். ஜி திறந்த முதல் கம்பியில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று அங்கே வாசித்தால், எஃப்-ஷார்ப் வந்த பிறகும் ஜி ஒலித்துக்கொண்டே இருக்கும். இறங்கிய உணர்வே வராது. ஜி-யை இரண்டாம் கம்பி 5-ஆம் ஃப்ரெட்டில் வாசியுங்கள். அங்கிருந்து 4-க்கு இறங்கும்போது பழைய சுரம் தானே அடங்கும். முடிவு இப்படி வரும் (எண் என்றால் ஃப்ரெட், 0 என்றால் திறந்த கம்பி, – என்றால் மீட்ட வேண்டாம்):

1-ஆம் கம்பி:  0 | – | – | 0
2-ஆம் கம்பி:  1 | 5 | 4 | 0
3-ஆம் கம்பி:  3 | 0 | – | 2
4-ஆம் கம்பி:  – | – | – | 2
5-ஆம் கம்பி:  0 | 2 | – | 2
6-ஆம் கம்பி:  – | – | – | 0

முதல் கார்டில் மீட்டிய திறந்த முதல் கம்பி மிச்சமாக ஒலித்தால், 5-ஆம் ஃப்ரெட்டில் இருக்கும் சுண்டுவிரலைச் சற்றே சாய்த்து அதைத் தொடுங்கள், அடங்கிவிடும். ஐந்தாம் கம்பியில் வைத்த ஆள்காட்டி விரலைக் கடைசி வரை எடுக்கவே வேண்டாம், இறுதிக் கார்டிலும் அதே சுரம்தான். அந்தக் கார்டில் ஆறு சுரம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வழியில் ஒரு குரலை விட்டோம், முடிவில் இரண்டைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறோம். கணக்குப் பார்த்தால் தப்பு, லூட்டில் கேட்டால் சரி.

விட வேண்டிய வரிசை என்று கேட்டால்: பேஸில் ஏற்கெனவே இருக்கும் சுரத்தை முதலில் விடுங்கள், அடுத்து கார்டின் ஐந்தாம் சுரம். மேஜரா மைனரா என்று சொல்லும் மூன்றாம் சுரத்தையும், இப்படி உரசி இறங்கும் சுரத்தையும் கடைசி வரை காப்பாற்றுங்கள்.

6. நீண்ட சுரங்கள்

பாடகர் நான்கு எண்ணிக்கை பிடித்து நிற்கும் சுரம் லூட்டில் இரண்டாவது எண்ணிக்கையிலேயே மெலிந்துவிடும். மேலே சி மைனரிலிருந்து தொடரும் ஜி-யை டி கார்டில் நான் மறுபடி மீட்டச் சொன்னதற்குக் காரணம் அதுதான். ஸ்கோரில் அது ஒரே நீண்ட சுரமாக இணைந்திருக்கும். உரசல் கேட்க வேண்டுமென்றால் அந்த நேரத்தில் சுரத்துக்கு உயிர் இருக்க வேண்டும்.

பவானின் ஒவ்வொரு பகுதியையும் இரண்டாம் முறை வாசிக்கும்போது நீண்ட சுரங்களைச் சின்னச் சின்ன ஓட்டங்களால் நிரப்பலாம். கார்டு மாறும் இடத்தில் மூலச் சுரத்துக்குத் திரும்பிவிட்டால் போதும். ஓட்டங்களைக் கட்டைவிரல், ஆள்காட்டி என்று மாற்றி மாற்றி மீட்டுங்கள், அழுத்தமான இடத்தில் கட்டைவிரல். பழைய டேப்புகளில் ஃப்ரெட்டைக் குறிக்கும் எழுத்துக்கோ எண்ணுக்கோ கீழே ஒரு புள்ளி இருந்தால் ஆள்காட்டி விரல் என்று அர்த்தம்.

7. சுத்தமாக எழுதுங்கள்

கிதார் டேப் போலவே மேல் வரி முதல் கம்பி என்று எழுதலாம். பிரெஞ்சு முறையும் அப்படித்தான், எண்ணுக்குப் பதில் எழுத்து இருக்கும். இத்தாலிய முறையில் எண்கள், ஆனால் வரிசை தலைகீழ், பேஸ் கம்பி மேலே. தாளக் குறிகளை வரிகளுக்கு மேலே, கால அளவு மாறும் இடத்தில் மட்டும் போடுங்கள். சாதாரண கிதார் டேப்பில் இது இருக்காது, லூட் டேப்பில் இல்லாமல் முடியாது.

மற்ற வாத்தியங்களுக்கு

ஸ்பெயினின் விவேலாவுக்கு (கிதார் வடிவப் பழைய வாத்தியம்) இதே டேப்பை அப்படியே வாசிக்கலாம், ட்யூனிங் ஒன்றுதான். நீண்ட கழுத்துள்ள பெரிய லூட்டான தியார்போவில் எச்சரிக்கை தேவை. அதன் முதல் இரண்டு கம்பிகளும் ஒரு ஸ்தாயி கீழே இருக்கும். மூன்றாவது கம்பிதான் எல்லாவற்றிலும் மேல் சுரம், எனவே மெட்டை அங்கிருந்து கட்ட வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் வந்த பரோக் லூட்டின் மேல் ஆறு ஜோடிகள் டி மைனர் கார்டாகவே சேர்க்கப்பட்டிருக்கும். அதற்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

அந்த லூட்டில் ஆர்வம் வந்தால் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஐந்தாவது செல்லோ சூட்டையும், அதையே அவர் லூட்டுக்கு மாற்றித் தன் கையால் எழுதிய பிரதியையும் (பாக் படைப்புகளின் பட்டியலில் பிடபிள்யூவி 995) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சி மைனரில் இருந்ததை ஜி மைனருக்குக் கொண்டுவந்திருக்கிறார். செல்லோவில் ஒற்றை வரியாகப் போன இடங்களில் பேஸ் சேர்த்திருக்கிறார். அதில் அவர் எழுதிய மிகக் கீழான ஜி, வழக்கமான 13 ஜோடி லூட்டில் கிடையாது. இன்று அதை வாசிப்பவர்கள் பலர் அந்தச் சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே எடுத்துக்கொள்கிறார்கள்.