கல்யாண மண்டபத்தில் ராவா, ஜேபெக்கா?

மேடையில் மஞ்சள் விளக்கு, பக்கத்தில் வீடியோகாரரின் வெள்ளை எல்இடி, பின்னால் ஊதா சீரியல் பல்பு. இப்படிக் கலவை வெளிச்சம் இருந்தால் யோசிக்காமல் ராவில் எடுங்கள். ரா என்பது கேமராவின் சென்சார் பதிந்த வெளிச்சத்தைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பு; ஜேபெக் என்பது கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் படம். ஜேபெக்கில் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பச் செய்யும் வண்ணத் திருத்தம், படத்திலேயே பதிந்துவிடும். முகம் மஞ்சளடித்துப் போனால் பிறகு முழுதாகச் சரிசெய்வது கஷ்டம். ராவில் அதைக் கணினியில் நிதானமாக மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு காரணம் மாப்பிள்ளையின் பட்டுவேட்டி. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிநிலைகள்தான். 14 பிட் ராவில் 16,384. அதனால் வெளுத்துப்போன வேட்டியின் மடிப்புகளை ஓரளவு மீட்கலாம். ஓரளவுதான். சென்சாரே நிரம்பி வழிந்துவிட்டால் ராவும் கைவிட்டுவிடும், ஆகவே ஒரு பொட்டு இருட்டாகவே எடுங்கள்.

வாசலில் பகல் வெளிச்சத்தில் எடுப்பவை, அன்றிரவே வாட்ஸப்பில் அனுப்ப வேண்டியவை? ஜேபெக் போதும். ரா கோப்பு அதைவிட வெகு பெரிது. விடாமல் அழுத்தினால் கேமராவும் சீக்கிரம் திணறும். அட்சதை விழும் நேரத்தில் அப்படி ஆனால் போச்சு! மெனுவில் லாஸ்லெஸ் கம்ப்ரஸ்டு ரா இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். தரம் குறையாமல் கார்டில் இடம் மிச்சமாகும்.