பார்க்கிங் அபராதத்துக்காக வாசலில் பெய்லிஃப்: அத்துமீறினால் என்ன செய்வது, படிப்படியாக

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் கார் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் நடைமுறையே வேறு, அங்கே இருப்பவர்கள் இதை நம்பி எதையும் செய்துவிட வேண்டாம். லண்டனில் இருக்கும் என் சித்தப்பாவுக்காக இந்த வேலை முழுவதையும் இழுத்துப்போட்டுச் செய்தேன். அதற்கப்புறம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக அதையே கேட்க ஆரம்பித்ததால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. உங்களுக்கு இருப்பது ஒரு சண்டை இல்லை, இரண்டு. அபராதம் பெய்லிஃப் (கடனை வசூலிக்கவும் பொருளைப் பறிமுதல் செய்யவும் சட்ட அதிகாரம் உள்ள ஆள்) வரைக்கும் போனதே முறைதானா என்பது ஒன்று, வந்த ஆள் நடந்துகொண்டது முறையா என்பது இன்னொன்று. முதல் சண்டை நீதிமன்றத்தோடு, இரண்டாவது பெய்லிஃப் நிறுவனத்தோடும் கவுன்சிலோடும் (உள்ளாட்சி மன்றம்). இரண்டையும் கலந்து, கோபத்தில் நாலு பக்கம் எழுதி எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலாகத் தட்டிவிட்டால் ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள், ஒவ்வொருவரும் அது இன்னொருவர் வேலை என்று கைகாட்டிவிடுவார்கள்.

படி 1: யார் போட்ட டிக்கெட் என்று பாருங்கள்

கவுன்சில் போட்ட பெனால்டி சார்ஜ் நோட்டீஸ் என்றால் மட்டும்தான் இந்தப் பதிவு. சூப்பர்மார்க்கெட், மருத்துவமனை வளாகம் மாதிரி இடங்களில் தனியார் நிறுவனம் ஒட்டுவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ், அது அபராதமே கிடையாது. அவர்கள் கவுண்டி கோர்ட்டில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அதையும் நீங்கள் கட்டாமல் விட்டால்தான் பெய்லிஃப் வர முடியும். அதற்கு முன்னால் சிவப்பு எழுத்தில் வருவதெல்லாம் வசூல் ஏஜென்சிக் கடிதங்கள். அந்த ஆட்களுக்கு உங்கள் பொருளைத் தொடும் அதிகாரம் இல்லை.

படி 2: வாசலில்

கதவைத் திறக்காதீர்கள். ஜன்னல் வழியாகவோ தபால் துவாரம் வழியாகவோ பேசினால் போதும். பார்க்கிங் கடனுக்கு முதல் முறை வரும் பெய்லிஃப் கதவை உடைக்கவோ உங்களைத் தள்ளிக்கொண்டு நுழையவோ கூடாது. திறந்திருக்கும் கதவு வழியாகச் சாதாரணமாக நடந்து வரலாம், அவ்வளவுதான். அதனால் பின்கதவையும் பூட்டுங்கள். காலை 6 மணிக்கு முன்னாலும் இரவு 9 மணிக்குப் பின்னாலும் வரக் கூடாது. வீட்டில் 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை மட்டும் தனியாக இருந்தால் உள்ளே வரக் கூடாது.

அடையாள அட்டையும், எந்த அதிகாரத்தில் வந்திருக்கிறார் என்பதற்கான காகிதமும் கேளுங்கள். கேட்டால் காட்டியாக வேண்டும். தபால் துவாரம் வழியாகப் போடச் சொல்லலாம், ஜன்னலில் வைத்துக் காட்டச் சொல்லலாம். அவர் பெயரை நீதித்துறை அமைச்சகத்தின் பெய்லிஃப் பதிவேட்டில் இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 'கண்ட்ரோல்ட் கூட்ஸ் அக்ரிமெண்ட்' (பொருள் உங்களிடமே இருக்கும், தவணையாகக் கட்டுவீர்கள் என்ற ஒப்பந்தம்) என்று ஒரு காகிதம் நீட்டுவார்கள். போட்டுவிட்டு, தவணை தவறினால், அடுத்த முறை அவர்கள் பலவந்தமாகவே உள்ளே வரலாம்.

சித்தப்பா வீட்டில் நடந்தது இதுதான்: வந்தவர் அட்டை காட்டவில்லை, 'இன்றைக்கே கட்டாவிட்டால் பூட்டு உடைக்கும் ஆளோடு வருவேன், போலீஸ் உங்களைக் கைது செய்யும்' என்று சொல்லியிருக்கிறார். இது சிவில் கடன், கட்டாததற்காக யாரும் கைது செய்ய மாட்டார்கள். சித்தப்பாவுக்கு ஆங்கிலத்தில் பாதிதான் புரியும், 'போலீஸ்' மட்டும் நன்றாகப் புரிந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. காரில் கிளாம்ப் (சக்கரப் பூட்டு) மாட்டிவிட்டால் அதை வெட்டியெடுக்காதீர்கள், அது குற்றம். கிளாம்ப் போட்டபின் குறைந்தது 2 மணி நேரம் வண்டியை அங்கேயே விட வேண்டும் என்பது விதி, அந்த நேரத்தைப் படி 4க்குப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, 'என் நிலத்தில் நுழைய அனுமதி ரத்து' என்று இணையத்தில் கிடைக்கும் அறிவிப்பை அச்சடித்துக் கதவில் ஒட்டுகிறார்கள். சட்டப்படி வாரண்ட் (வசூலிக்க அதிகாரம் தரும் ஆணை) வைத்திருப்பவருக்கு எதிராக அதற்கு எந்த மதிப்பும் இல்லை, மை தண்டம்.

படி 3: அன்றைக்கே எழுதிவையுங்கள்

உங்கள் வாசலில் நடப்பதைப் போனில் வீடியோ எடுக்கலாம், தயங்க வேண்டாம். அவர் விட்டுப்போன காகிதத்தின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். ஸ்கேன் செய்யத் தனியாகக் காசு கட்டி ஆப் வாங்காதீர்கள், ஐபோனில் நோட்ஸ், ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ், இரண்டிலும் உள்ளேயே ஸ்கேனர் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை ஆதாரமாகச் சேர்க்காதீர்கள், சுருங்கிப்போய் சின்ன எழுத்து படிக்கவே முடியாது.

சித்தப்பா கதவுக்கடியில் கிடந்த காகிதத்தில் மூன்று விஷயங்கள் இருந்தன: வந்த நேரம் பேனாவில், தொகை அச்சில், மேலே அவருடைய பழைய ஃபிளாட் முகவரி. அந்த முகவரிதான் எல்லாவற்றையும் மாற்றியது. வீடு மாறியபோது ஓட்டுநர் உரிமத்தில் முகவரி மாற்றியிருந்தார், காரின் வி5சி பதிவுப் புத்தகத்தில் மாற்றவில்லை. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. டிவிஎல்ஏவிடம் (ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு அலுவலகம்) இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கவுன்சில் அனுப்பும் கடிதமெல்லாம் வி5சி முகவரிக்குத்தான் போகும்.

அப்புறம் ஒரு வேலை. பெய்லிஃப் நிறுவனத்துக்கு 'சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட்' என்று தலைப்புப் போட்டு, உங்கள் கோப்பில் உள்ள குறிப்புகளையும் உடம்பில் மாட்டியிருந்த கேமராப் பதிவையும் கேளுங்கள். இலவசம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். பதிவை வெகுகாலம் வைத்திருக்க மாட்டார்கள், அதனால் தள்ளிப்போடாமல் கேளுங்கள்.

படி 4: வாரண்டை நிறுத்துங்கள்

பலரும் சறுக்கும் இடம் இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

டிக்கெட் கட்டப்படாவிட்டால் உரிமையாளருக்கு நோட்டீஸ், பிறகு தொகையை ஒன்றரை மடங்காக்கும் சார்ஜ் சர்ட்டிஃபிகேட், பிறகு நார்தாம்ப்டனில் உள்ள டிராஃபிக் என்ஃபோர்ஸ்மெண்ட் சென்டரில் கடனாகப் பதிவு, பிறகு வாரண்ட். இந்தக் கடிதங்கள் உங்களுக்கு வரவே இல்லை என்றால், அதே சென்டருக்கு இரண்டு படிவங்கள் அனுப்ப வேண்டும்: டிஇ7, டிஇ9. படிவமும் அனுப்ப வேண்டிய மின்னஞ்சலும் அரசுத் தளத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள், ஒன்றை மட்டும் அனுப்பினால் பயனில்லை. ஒரு டிக்கெட்டுக்கு ஒரு ஜோடி. மூன்று டிக்கெட் இருந்தால் மூன்று ஜோடி.

டிஇ9 என்பது சாட்சி அறிக்கை. அதில் காரணங்கள் ஏற்கெனவே அச்சாகியிருக்கும்: நோட்டீஸ் கிடைக்கவில்லை, முறையிட்டேன் ஆனால் மறுப்புக் கடிதம் வரவில்லை, தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்தேன் பதில் இல்லை, முழுதாகக் கட்டிவிட்டேன். உங்களுக்குப் பொருந்தும் ஒன்றை மட்டும் டிக் செய்யுங்கள். வாரண்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே கையெழுத்திட வேண்டும். பொய் எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு, விளையாட்டில்லை.

டிஇ7 தான் கண்ணி. 'ஏன் தாமதமாக அனுப்புகிறீர்கள்' என்பது மட்டும்தான் அதில் கேள்வி. ஆனால் அந்தப் பெரிய காலிப் பெட்டியைப் பார்த்ததும் எல்லோரும் 'மஞ்சள் கோடு அழிந்திருந்தது, ஐந்து நிமிஷம்தான் நிறுத்தினேன், பெய்லிஃப் மிரட்டினார்' என்று எழுதித் தள்ளுகிறார்கள். பார்க்கிங் சரியா தவறா என்று பார்ப்பது அந்த அலுவலகத்தின் வேலையே இல்லை. நாங்கள் எழுதியது கிட்டத்தட்ட இவ்வளவுதான்: இந்தத் தேதியில் வீடு மாறினேன், கவுன்சில் வரிக் கணக்கும் வாடகை ஒப்பந்தமும் இணைத்துள்ளேன், எல்லா நோட்டீஸும் பழைய முகவரிக்குப் போயின, பெய்லிஃப் இந்தத் தேதியில் வந்தபோதுதான் இப்படி ஒரு அபராதம் இருப்பதே தெரியும், தெரிந்தவுடன் விண்ணப்பிக்கிறேன்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்து பதிவானதும், முடிவு வரும்வரை வசூல் நடவடிக்கை நிறுத்திவைக்கப்பட வேண்டும். சென்டர் கவுன்சிலிடம் சொல்லும், கவுன்சில் நிறுவனத்திடம் சொல்ல வேண்டும், இந்தச் சங்கிலியில் எங்காவது ஒரு கண்ணி தூங்கும். அதனால் அனுப்பிய மின்னஞ்சலையும் தானியங்கிப் பதிலையும் நீங்களே கவுன்சிலுக்கும் நிறுவனத்துக்கும் அனுப்பிவிடுங்கள்.

கூடவே கவுன்சிலிடம் தனியாக ஒரு கேள்வி கேளுங்கள்: 'வாரண்டில் இருக்கும் முகவரி எது, புதிய முகவரிக்கு மறுபடி வாரண்ட் வாங்கினீர்களா?' முகவரி மாறியிருந்தால் ஆதாரம் காட்டி மறுவெளியீடு கேட்க நீதிமன்ற நடைமுறை விதிகளின் 75ஆம் பகுதியில் வழி இருக்கிறது. பெய்லிஃப் வருவதற்கு முன் 7 முழு நாள் அவகாசத்தோடு அமலாக்க நோட்டீஸ் தர வேண்டும், அதைத் தபாலில் அனுப்பினால் நீங்கள் வழக்கமாக வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பெய்லிஃப்கள் பொருளைக் கைப்பற்றுவது பற்றிய 2013 விதிகள் சொல்கின்றன. பழைய ஃபிளாட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதிய வீட்டுக் கதவைத் தட்டினால் இந்தக் கேள்விக்கு அவர்களால் எளிதில் பதில் சொல்ல முடியாது.

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் டிக்கெட் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வாரண்டும் பெய்லிஃப் கட்டணமும் போய்விடும், டிக்கெட் உயிரோடுதான் இருக்கும், கவுன்சில் அதைப் பழைய கட்டத்திலிருந்து மறுபடி தொடரலாம். சித்தப்பா அசல் தொகையைக் கட்டினார், முடிந்தது. மறுக்கப்பட்டால் 14 நாளுக்குள் என்244 படிவத்தில் நீதிபதியின் மறுபரிசீலனை கேட்கலாம், ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு.

படி 5: கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள்

பெய்லிஃப்களுக்கான 2014 கட்டண விதிகள் போட்ட கணக்கு: கோப்பு நிறுவனத்துக்குப் போனதும் 75 பவுண்டு, ஆள் நேரில் வந்தால் 235, பொருளை விற்பனைக்கு எடுத்துச் செல்லும் கட்டத்தில் 110. நடப்புத் தொகையை அரசுத் தளத்தில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 130 பவுண்டு டிக்கெட் என்றால் 195 ஆகி, 270 ஆகி, கதவைத் தட்டியதும் 505ஐத் தாண்டும், நடுவில் நீதிமன்றப் பதிவுக் கட்டணம் கொஞ்சம். 'நிர்வாகச் செலவு', 'இரண்டாவது வருகை' என்று புதுப் பெயரில் எதாவது இருந்தால் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பல டிக்கெட்டுகளைச் சேர்த்து ஒரே வருகையில் வசூலிக்க முடியுமென்றால் அந்த 235ஐ டிக்கெட்டுக்கு ஒன்றாகப் பெருக்கக் கூடாது.

நம் பெரியவர்களுக்கு முக்கியமான விஷயம்: ஆங்கிலம் பேசவோ படிக்கவோ வெளிப்படையாகச் சிரமப்படுபவர்களைப் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்களாகக் கருதலாம் என்று பெய்லிஃப்களுக்கான 2014 தேசியத் தரநிலைகளிலேயே இருக்கிறது. நோயாளி, கர்ப்பிணி, முதியவர் எல்லாம் அதே பட்டியலில். கடனாளி அப்படிப்பட்டவர் என்றால், பொருளை எடுக்கும் முன் ஆலோசனை பெறப் போதிய வாய்ப்புத் தராமல் அந்த 235ஐ வசூலிக்க முடியாது. இதைப் புகாரில் தனிப் பத்தியாக எழுதுங்கள்.

படி 6: புகார்

முதலில் நிறுவனத்துக்கு. அதே நாளில் பிரதியைக் கவுன்சிலுக்கும், பிரதியாக மட்டுமில்லாமல் தனிப் புகாராகவே. பெய்லிஃப் கவுன்சிலின் சார்பில் வந்தவர், 'அவர்களையே கேளுங்கள்' என்று கவுன்சில் கைகழுவ முடியாது. போனில் பேசாதீர்கள். பேசியே ஆக வேண்டுமென்றால், பேசி முடித்ததும் 'நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்' என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

புகாரில் உணர்ச்சி வேண்டாம். தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை, மீறிய விதி, உங்களுக்கு என்ன வேண்டும். சித்தப்பா விஷயத்தில் கேமராப் பதிவில் அந்தப் 'போலீஸ்' வசனம் தெளிவாகவே இருந்தது, அதன்பிறகு எழுத்தில் மன்னிப்பு வந்தது.

பதில் திருப்தியில்லை என்றால் கவுன்சிலின் புகார் கட்டங்களை முடித்துவிட்டு இங்கிலாந்தில் என்றால் உள்ளாட்சி, சமூகப் பராமரிப்பு ஓம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்), வேல்ஸில் என்றால் அங்குள்ள பொதுச் சேவை ஓம்பட்ஸ்மனிடம் போகலாம், விஷயம் தெரிந்து 12 மாதத்துக்குள், இலவசம். பெய்லிஃப் நிறுவனங்களைக் கண்காணிக்க 2022இல் தொடங்கிய என்ஃபோர்ஸ்மெண்ட் காண்டக்ட் போர்டும் இருக்கிறது, நிறுவனம் அதில் சேர்ந்திருந்தால் அங்கேயும் வழி உண்டு. ஆளே அந்த வேலைக்குத் தகுதியில்லாதவர் என்ற அளவுக்குப் போனால், அவருக்குச் சான்றிதழ் தந்த கவுண்டி கோர்ட்டுக்கு ஈஏசி2 படிவம். ஆனால் சாதாரணக் கணக்குத் தகராறுக்கு இதை எடுக்காதீர்கள். காரணமே இல்லாமல் நீதிமன்றத்தைத் துஷ்பிரயோகம் செய்ததாகக் கருதினால் செலவு உங்கள் தலையில் விழலாம்.

பணம் ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? பரவாயில்லை, புகார் கொடுக்கும் உரிமை போகாது.

பின்சேர்க்கை: ஒருவர் டிஇ7 அனுப்பித் திரும்பி வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். அவருடையது லண்டனில் பஸ் லேன் கேமரா டிக்கெட். அதற்கு வேறு படிவங்கள், பிஇ2, பிஇ3. இதில் பிஇ3ஐ வழக்கறிஞர் அல்லது நீதிமன்ற அலுவலர் போன்ற அதிகாரம் உள்ளவர் முன்னால் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட வேண்டும். எந்த ஜோடி உங்களுக்கு என்று சந்தேகம் வந்தால் கடன் பதிவானதும் அனுப்பப்படும் கடன் வசூல் ஆணையில் எழுதியிருக்கும் படிவத்தின் பெயரைப் பாருங்கள்.

மறுபடி ஒரு சேர்க்கை: அபராதம் கணவர் பெயரில், எடுத்துச் சென்ற கார் மனைவி பெயரில், என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். அடுத்தவர் பொருளை எடுக்கக் கூடாது. மனைவி தன் பெயரில், வாங்கிய ரசீது, வங்கிக் கணக்கு ஆதாரத்தோடு, எடுத்துச் சென்ற 7 நாளுக்குள் பெய்லிஃபுக்கு எழுத்தில் உரிமை கோர வேண்டும். வி5சியில் பெயர் இருப்பது மட்டும் சொந்தக்காரர் என்பதற்குச் சான்றாகாது, ரசீதைத் தேடுங்கள். செல்லுபடியாகும் ப்ளூ பேட்ஜ் கண்ணாடியில் வைத்திருக்கும் மாற்றுத்திறனாளி வண்டியையும், தொழிலுக்குக் கட்டாயம் தேவைப்படும், மற்றத் தொழில் கருவிகளோடு சேர்த்து 1,350 பவுண்டுக்கு மேல் போகாத வண்டியையும் தொடக் கூடாது.