எந்த வகை பிரஷர்? அளந்து, பிரித்து, காரணத்தைத் தேடும் முறை

“பிரஷர் இருக்கு” என்ற இரண்டு சொற்களோடு பலருக்கு விசாரணை முடிந்துவிடுகிறது. மாத்திரை தொடங்குகிறது, வருடங்கள் ஓடுகின்றன, எந்த வகை, எதனால் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக்குழாய் சுருங்கினாலும் அழுத்தம் ஏறும். மூட்டுவலிக்காகத் தினமும் விழுங்கும் மாத்திரையாலும் ஏறும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. நோயை உறுதி செய்வது மருத்துவரின் வேலைதான். ஆனால் அவர் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தேவையான தகவலில் பாதி உங்களிடம்தான் இருக்கிறது.

முதலில் எண்ணைச் சரியாக எடுங்கள்

தவறாக அளந்த எண்ணை வைத்து வகை பிரிக்க முடியாது. அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, தேநீர், புகை, உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் படிந்து, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் இருங்கள். கருவியின் பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாமல் தோலின் மேல், முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே சுற்றி, கையை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். கை இதயத்துக்குக் கீழே 10 செ.மீ. தொங்கினாலே 7 அல்லது 8 புள்ளி கூடுதலாகக் காட்டும்.

அதிகம் பேர் கவனிக்காதது பட்டையின் அளவு. பட்டைக்குள் காற்று நிரம்பும் பை மேற்கைச் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது மூட வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷர் வரும். மெலிந்த கையில் பெரிய பட்டையைச் சுற்றினால் இருக்கும் பிரஷர் மறையும். நாடித்துடிப்பு ஒழுங்கில்லாமல் அடிப்பவர்களுக்குத் தானியங்கிக் கருவி தடுமாறும். அவர்களுக்குப் பலமுறை அளந்து சராசரி பார்க்க வேண்டும்.

முதல் நாள் இரண்டு கையிலும் அளந்து, கூடுதலாகக் காட்டும் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்துங்கள். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, ஒவ்வொன்றுக்கும் 1 நிமிட இடைவெளி. இப்படி 7 நாள் எழுதி, முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85 (135 மேல் எண், 85 கீழ் எண்) அல்லது அதற்கு மேல் என்றால் அது உயர் இரத்த அழுத்தம். மருத்துவமனை அளவில் பெரும்பாலான நாடுகள் வைத்திருக்கும் வரம்பு 140/90. அமெரிக்க இதய அமைப்புகள் 2017-இல் அதை 130/80 ஆக்கின. ஒரே ஆளுக்கு ஓரிடத்தில் பிரஷர் உண்டு என்றும் இன்னோரிடத்தில் இல்லை என்றும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்களே சொல்லும் வகைகள்

மருத்துவமனையில் உயர்ந்து வீட்டில் சரியாக இருந்தால் வெள்ளை அங்கி பிரஷர். மருத்துவரைப் பார்க்கும் பதற்றத்தில் ஏறுவது. பலருக்கு உடனே மாத்திரை தேவைப்படாது, ஆனால் பின்னாளில் நிலையான பிரஷராக மாறும் வாய்ப்பு கூடுதல் என்பதால் அளப்பதை நிறுத்தக்கூடாது. இதற்கு நேரெதிரானது மறைந்திருக்கும் பிரஷர்: மருத்துவமனையில் சரி, வீட்டிலும் வேலையிடத்திலும் உயர்வு. எங்கள் கணிப்பில் இதுவே கூடுதல் ஆபத்தானது, ஏனென்றால் யாரும் தேடுவதில்லை. புகை, மது, வேலை அழுத்தம் உள்ளவர்களிடம் இது அதிகம்.

தூக்கத்தில் அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இறங்காதவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், தூக்கத்தில் மூச்சு நிற்பது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 24 மணி நேரம் உடலில் மாட்டிவைக்கும் கருவியில் இது நன்றாகத் தெரியும்.

மேல் எண் மட்டும் உயர்ந்து, கீழ் எண் 90-க்குள் இருப்பது வயதானவர்களிடம் வழக்கம். இதயத்திலிருந்து புறப்படும் முதன்மை இரத்தக்குழாயான பெருந்தமனி விறைத்துப்போய், இதயம் தள்ளும் வேகத்தை வாங்கி விரிய முடியாமல் போவதுதான் காரணம். “கீழ் எண் நன்றாக இருக்கிறதே” என்று விட்டுவிடுவது தவறு. முதுமையில் பக்கவாதத்தை முன்கூட்டிச் சொல்வது மேல் எண்தான். அதே தோற்றம் இளையவருக்கு வந்தால் தைராய்டு அதிகச் சுரப்பு, இரத்தசோகை, பெருந்தமனி வால்வுக் கசிவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கீழ் எண் மட்டும் உயர்வது நடுவயதுக்குள், உடல் எடை கூடியவர்களிடம் அதிகம். தைராய்டு குறைவும் கீழ் எண்ணை ஏற்றும்.

முதல்நிலை பிரஷர்

நூற்றில் 90 முதல் 95 பேருக்கு ஒற்றைக் காரணம் என்று எதையும் சுட்ட முடியாது. பரம்பரை, வயது, உப்பு, எடை, மது, உட்கார்ந்தே இருப்பது எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்றத் திணறும்போது உடலில் நீர் தங்குகிறது. காலப்போக்கில் சிறு தமனிகள் இறுகுகின்றன. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. பொட்டல உணவின் உறையில் சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரைகளிலும் கணிசமான சோடியம் உண்டு. தினமும் குடிப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இரண்டாம் நிலை: தேடினால் கிடைக்கும் காரணங்கள்

30 வயதுக்கு முன், பருமனோ பரம்பரையோ இல்லாமல் வந்த பிரஷர். திடீரென்று மிக உயரமாகத் தொடங்கியது. பல வருடம் கட்டுக்குள் இருந்து காரணமின்றி ஏறியது. இரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் காரணத்தைத் தேட வேண்டும்.

முதலில் மருந்துப் பெட்டியைத் திறங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், மூக்கடைப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, தொடர்ந்து சாப்பிடும் அதிமதுரம் எல்லாமே அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. கடையில் நேரடியாக வாங்கியதையும் எழுதிக்கொண்டு போங்கள்.

அடுத்தது சிறுநீரகம். சிறுநீரில் நுரை, கால் வீக்கம், இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) உயர்வு இருந்தால் சிறுநீரக நோயே காரணமாகவோ விளைவாகவோ இருக்கலாம். சிறுநீரகத் தமனி சுருங்குவது வயதானவர்களுக்குக் கொழுப்புப் படிவதால் வரும். இளம் பெண்களுக்குத் தமனிச் சுவரின் தசைநார்க் கோளாறால் வரும். ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை தொடங்கிய பிறகு கிரியாட்டினின் 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால் மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, பகலெல்லாம் தூக்கம்: இந்த மூன்றும் சேர்ந்தால் தூக்கப் பரிசோதனை தேவை. இதைப் பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல முடியும், அவரையும் கூட்டிப் போங்கள்.

சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி, உடலில் உப்பைத் தங்கவைக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனை அதிகம் சுரப்பது, நினைப்பதைவிட அதிகம் பேரிடம் இருக்கிறது. பொட்டாசியம் குறைந்தால்தான் இந்த நோய் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். பலருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கும். ஆல்டோஸ்டிரோனுக்கும் சிறுநீரகம் சுரக்கும் ரெனினுக்கும் உள்ள விகிதம் பார்க்கும் இரத்தப் பரிசோதனையில் தெரியும். ஒரு பக்கச் சுரப்பி மட்டும் காரணம் என்றால் அறுவை சிகிச்சையில் குணமாகவும் வாய்ப்புண்டு. அதே சுரப்பியில் வரும் அரிய கட்டி ஒன்று தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றையும் அலை அலையாகக் கொண்டுவரும். இளம் வயதில் கையில் உயர்ந்து காலில் குறைந்தால் பெருந்தமனி பிறவியிலேயே குறுகியிருக்கலாம்.

கட்டுப்படாத பிரஷர்

நீர்போக்கி (உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றும் மருந்து) உட்பட மூன்று வகை மருந்து முழு அளவில் எடுத்தும் இறங்காவிட்டால்தான் இந்தப் பெயர். அதற்கு முன், மாத்திரை தவறுகிறதா, பட்டை சிறியதா, வெள்ளை அங்கி விளைவா என்று பாருங்கள். இந்த மூன்றையும் சரிசெய்தாலே பலருக்குச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

கர்ப்பத்தில்

20 வாரத்துக்கு முன் 140/90 இருந்தால் அது பெரும்பாலும் முன்பே இருந்த பிரஷர். பிறகு வந்தால் கர்ப்பத்தால் வந்தது. கூடவே சிறுநீரில் புரதமோ, கல்லீரல், சிறுநீரக பாதிப்போ இருந்தால் முன்சூல்வலிப்பு. கடுந்தலைவலி, கண்ணில் மினுக்கம், வலது மேல்வயிற்று வலி, அல்லது 160/110 இருந்தால் அன்றே, அந்த நேரமே மருத்துவமனை. பிரசவத்துக்குப் பிறகு 6 வாரம் வரை இந்த ஆபத்து தொடரலாம். ராமிப்ரில், டெல்மிசார்டன் இனங்கள் கர்ப்பத்தில் கூடாது.

180/120 காட்டினால்

நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், பார்வை மங்கல், குழப்பம் இருந்தால் ஆம்புலன்ஸ்தான். இவை எதுவும் இல்லையென்றால் 5 நிமிடம் உட்கார்ந்து மறுபடி அளந்து, அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். நாக்கடியில் நிஃபெடிபின் என்ற பிரஷர் மருந்தை வைத்துச் சடாரென்று இறக்குவது பழைய வழக்கம். மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் குறைந்து பக்கவாதமே வந்துவிடலாம்.

பரிசோதனைக்குப் போகும்போது

ஏழு நாள் எண்கள், மருந்துப் பட்டியல், குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் வந்தது என்ற விவரம் மூன்றையும் எடுத்துப் போங்கள். தொடக்கத்தில் போதுமானவை: கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், இசிஜி. ஹார்மோன் பரிசோதனைக்குச் சில மாத்திரைகளை வாரக்கணக்கில் நிறுத்த வேண்டியிருக்கும். எதை, எத்தனை நாள் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். குளோனிடின், பீட்டா தடுப்பான் போன்ற பிரஷர் மருந்துகளை நீங்களாக ஒரே நாளில் நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட உயரமாகத் திரும்பிவிடும்.