திருகோணமலைத் தண்ணீருக்கு ஏற்ற மீன்கள்: முதல் தொட்டிக்கான தெரிவு

மீன் தொட்டி வைக்க விரும்புகிறவர் கடைக்குப் புறப்படுவதற்கு முன்னர், தம் வீட்டுக் கேத்தலின் உட்புறத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அடியில் வெண்மையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் அந்த வீட்டுத் தண்ணீர் கடினமானது. சவர்க்காரம் எளிதில் நுரைக்காமல் இருப்பதும் அதற்கே அடையாளம். கடலோரத்தில் கிணற்று நீரைப் பயன்படுத்துகிறவர்களில் பலருக்கு இது பழகிய செய்தி. சில கிணறுகளில் கோடையின் முடிவில் நாக்கிலேயே உவர்ப்புத் தெரியும். குழாய் நீர் பெறுகிறவர்களுக்குக் கடினத்தன்மை குறைவாக இருக்கலாம், ஆனால் அந்த நீரில் குளோரின் கலந்திருக்கும். எந்த மீன் எந்த மீனோடு ஒத்துவாழும் என்று விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் மீன்களின் குணத்தைப் பற்றியே கேட்கிறார்கள். நம் ஊரில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த மீன்கள் நம் தண்ணீரோடும் நம் வெயிலோடும் ஒத்துவாழுமா என்பதே அது.

இந்தக் கேள்வியைக் கேட்காமலேதான் நான் என் முதல் தொட்டியை நிரப்பினேன். ஓகஸ்ட் மாதத்தில், இரண்டு அடி நீளத் தொட்டி ஒன்றில், இரண்டு தங்கமீன்களையும் ஆறு நியோன் டெட்ராக்களையும் பாசி தின்னும் என்று சொல்லித் தரப்பட்ட ஒரு டாங்க் கிளீனரையும் ஒன்றாக விட்டேன். கடையில் அவை மூன்றும் அடுத்தடுத்த தொட்டிகளில் இருந்தன. சேர்த்து வளர்க்கலாம் என்றே சொன்னார்கள். இரண்டு வாரங்களுக்குள் நியோன்கள் ஆறும் இறந்தன. அவை ஒன்றையொன்று கடிக்கவில்லை, எந்த மீனும் அவற்றைத் துரத்தவும் இல்லை. அமேசன் காடுகளின் நிழலில் ஓடும் மென்மையான, சற்று அமிலத்தன்மையுள்ள நீருக்குரிய அந்த மீனுக்கு 20 முதல் 26 பாகை செல்சியஸ் வரையான வெப்பமே உகந்தது என்பதையும், என் தொட்டியில் பிற்பகலில் 31 பாகை இருந்தது என்பதையும் வெப்பமானி ஒன்று வாங்கிய பிறகே அறிந்தேன். அந்த ஆறு உயிர்களும் என் அறியாமையால் போயின என்பது இன்றும் எனக்கு வருத்தம். இவ்வழிகாட்டியை எழுதத் தூண்டியதும் அதுதான்.

மே மாதம் முதல் செப்ரெம்பர் வரை கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் நாள்களில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டி நீரும் 30 பாகையைத் தாண்டுவது இங்கே சாதாரணம். ஆகவே நாம் பொதுவாக ஹீட்டர் வாங்க வேண்டியதில்லை; சூட்டைத் தணிப்பதே நமது வேலை. நீர் சூடாகும்போது மீனின் உடலுக்கு ஒட்சிசன் கூடுதலாகத் தேவைப்படுகிறது, நீரிலோ அது குறைந்துகொண்டு போகிறது. 20 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. வெளிநாட்டு நூல்கள் ஒரு தொட்டிக்குப் பரிந்துரைக்கும் மீன்களின் எண்ணிக்கையை நாம் மூன்றில் ஒரு பங்காவது குறைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். சிறிய மேசை விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின் மேல் காற்றுப் படுமாறு வைத்தால் வெப்பம் இரண்டு மூன்று பாகை குறையும். அவ்வாறு செய்யும்போது நீர் விரைவாக ஆவியாகும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே. அதிலிருந்த தாதுப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. குறைந்த நீருக்கு ஈடாகக் கிணற்று நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் வாரத்துக்கு வாரம் கடினத்தன்மை ஏறும். எனவே வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை வெளியே எடுத்துவிட்டுப் புது நீர் விடுவதைக் கச்சான் காலத்தில் ஒருபோதும் தவறவிடக் கூடாது.

கடற்கரை ஊர்க்காரர்களாகிய நம்மிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. கரையில் பொறுக்கிய சிப்பிகளையும் முருகைக் கற்களையும் அழகுக்காகத் தொட்டியில் இடுகிறோம். இவை கல்சியம் காபனேற்றினால் ஆனவை. மெல்ல மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் உயர்த்துகின்றன. மென்னீர் மீன்கள் உள்ள தொட்டியில் இது தீங்கானது. ஒரு கல்லைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அதன் மேல் சில துளி வினாகிரி விட்டுப் பார்க்கலாம். நுரை எழுந்தால் அந்தக் கல் வேண்டாம். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத் தீவு தேசியப் பூங்கா. அங்கிருந்து முருகைக் கல் எடுப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

கடினமான, சூடான நீர் என்றதும் மனம் தளர வேண்டியதில்லை. அந்த நீரை விரும்பும் மீன்களே தொடக்கநிலையாளருக்கு எளிதானவை. கப்பி, பிளட்டி, மொலி, சோர்ட் டெயில் ஆகிய நான்கும் முட்டையிடாமல் நேரடியாகக் குஞ்சு ஈனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; சற்றுக் காரத்தன்மையுள்ள கடின நீரில் நன்றாக வாழ்பவை; ஒன்றோடொன்று பகைக்காதவை. இவற்றுள் மொலி இலேசான உவர்ப்பையும் தாங்கும், ஆகையால் கோடையில் உவர்க்கும் கிணறு உள்ள வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான மீன் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மொலி 8 முதல் 10 சென்ரிமீற்றர் வரை வளரும், பெரிய முதுகுச் செட்டையுள்ள வகை அதையும் தாண்டும். அதற்கு மூன்று அடித் தொட்டியே நியாயமானது. சோர்ட் டெயிலும் அந்த அளவுக்கு வளர்வதோடு நன்றாகத் துள்ளும். மூடியில்லாத தொட்டியில் அதை விடக் கூடாது. இரண்டு அடித் தொட்டிக்குக் கப்பியும் பிளட்டியும் போதும்.

இம்மீன்களைத் தெரிவுசெய்யும்போது ஆண் பெண் விகிதத்தைக் கவனிப்பது இனத்தைக் கவனிப்பதற்கு ஈடான முக்கியத்துவம் உடையது. ஆண் மீன்கள் நாள் முழுவதும் பெண் மீன்களைத் துரத்திக்கொண்டே இருக்கும்; ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்களாவது இல்லாவிட்டால் பெண் மீன் ஓய்வின்றிக் களைத்து நோயுறும். கப்பியில் பெண்ணை அடையாளம் காண்பது எளிது: அது பருமனாகவும் நிறம் குறைந்ததாகவும் இருக்கும். கடையில் வாங்கும் பெண் கப்பி பெரும்பாலும் ஏற்கெனவே கருவுற்றிருக்கும். ஆண் மீனின் விந்தைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைத்திருக்கவும் அதனால் முடியும். ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அது குஞ்சு ஈனும். பெருகும் குஞ்சுகளுக்கு இடம் தேட முடியாதவர்கள் ஆண் கப்பிகளை மட்டும் வாங்குவதே நல்லது. வண்ணமும் அவற்றுக்கே உண்டு.

அடுத்ததாகக் கேட்க வேண்டியது, இந்த மீன் முழுமையாக வளர்ந்தால் எவ்வளவு நீளம் இருக்கும் என்பது. கடைத் தொட்டியில் இருப்பவை பெரும்பாலும் குஞ்சுகளே. விரல் நீளத்தில் வாங்கிய என் டாங்க் கிளீனர் இரண்டு ஆண்டுகளில் ஓர் அடியைத் தொட்டது. அவ்வகை மீன்களுள் சில ஒன்றரை அடி வரையும் வளர்கின்றன. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கையில் வாங்கப்படும் அது, உண்மையில் தொட்டியில் மிக அதிகமாகக் கழிவு விடும் மீன்களுள் ஒன்று. ஒஸ்கார் ஓர் அடி வரை வளர்ந்து, வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கும். தங்கமீன் குளிர்ந்த நீருக்குரியது, பெரிதாக வளர்வது, கழிவும் மிகுதி. அதைக் கப்பிகளோடு ஒரு தொட்டியில் வைத்தால் இரண்டில் ஒன்று எப்போதும் துன்புறும். ஏஞ்சல் மீன் பார்ப்பதற்கு அமைதியாக இருந்தாலும், வளர்ந்த பிறகு சிறிய டெட்ராக்களையும் கப்பிக் குஞ்சுகளையும் உணவாகவே காணும்.

குணத்தால் பொருந்தாதவற்றுள் முதலிடம் டைகர் பார்ப்புக்கு. எட்டுக்கு மேற்பட்ட கூட்டமாக இருந்தால் தமக்குள்ளேயே துரத்தி விளையாடும் அந்த மீன், இரண்டு மூன்றாக வாங்கப்பட்டால் அடுத்த மீனின் வாலைக் கடிக்கத் தொடங்கும். நீண்ட செட்டையுள்ள கப்பியும் ஏஞ்சலும் அதற்கு முதல் இலக்குகள். பைட்டர் மீனைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் ஊர் வெப்பத்துக்கு அது மிகவும் ஏற்றது. நீர்ப்பரப்புக்கு வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு. ஆகவே சூடான நீரிலும், மின்சாரம் இல்லாமல் காற்றுப் பம்பு நின்றுபோன வேளையிலும் மற்ற மீன்களைவிட அது தாக்குப்பிடிக்கும். ஆனால் இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் சாகும்வரை சண்டையிடும். நீண்ட வண்ண வாலுடைய ஆண் கப்பியையும் தன் எதிரியாகக் கருதித் தாக்கும். பலவகை மீன்கள் வேண்டாம், ஒன்றே போதும் என்று நினைக்கிறவர், 20 லீற்றர் கொள்ளும் மூடியுள்ள தொட்டியில் ஒரே ஒரு பைட்டரைத் தனியாக வளர்ப்பது மிக நிறைவான தெரிவு. சின்னஞ்சிறு கண்ணாடிக் குவளையில் அதை வைக்கும் வழக்கத்தை நான் ஏற்கமாட்டேன்.

நம் நாட்டு மீன்களை வளர்க்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த ஆசை எனக்கும் உண்டு. 1929 ஆம் ஆண்டில் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல விவரித்துப் பெயரிட்ட செரி பார்ப் இலங்கையில் மட்டுமே இயற்கையாக வாழும் சிறிய, சாதுவான, சிவந்த மீன். ஆயினும் அதன் தாயகம் தென்மேற்கு ஈரவலயத்தில் மரநிழலில் ஓடும் மெதுவான ஓடைகள். அங்குள்ள நீர் மென்மையானது, குளிர்ச்சியானது. இலங்கை மீன் என்பதனால் அது திருகோணமலைக் கிணற்று நீருக்குரிய மீனாகிவிடாது. மென்மையான நீரும் ஆண்டு முழுவதும் 27 பாகைக்கு மேற்படாத குளிர்ந்த அறையும் உள்ளவர்கள், பண்ணையில் பெருக்கப்பட்ட செரி பார்ப்புகளை ஆறு அல்லது எட்டாக வளர்க்கலாம். நாட்டு மீன்கள் சில சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. ஆகையால் ஓடையிலோ குளத்திலோ தாமே பிடித்து வருவதைத் தவிர்க்க வேண்டும்.

இனி ஒரு தொட்டியை உண்மையில் நிரப்பும் முறைக்கு வருவோம். இரண்டு அடி நீளமும் ஓர் அடி அகலமும் ஓர் அடி உயரமும் உள்ள தொட்டி 56 லீற்றர் கொள்ளும். மணலும் மேல் இடைவெளியும் போக 45 லீற்றர் அளவே நீர் இருக்கும். கழுவிய ஆற்று மணல், சில நீர்த்தாவரங்கள், ஸ்பொஞ்ச் வடிகட்டி ஆகியவற்றை இட்டு நீரை நிரப்புங்கள். குழாய் நீரானால் குளோரினை நீக்கும் மருந்து சேர்த்த பின்னரே அல்லது அகன்ற வாளியில் ஒரு நாள் காற்றுப் பம்பு ஓடவிட்ட பின்னரே பயன்படுத்துங்கள். அதன்பின் மிகக் கடினமான வேலை பொறுத்திருப்பது. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா நஞ்சு. அதை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் பழைய ஸ்பொஞ்ச் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வடிகட்டியில் வைத்தால் இக்காலம் வெகுவாகக் குறையும். நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவை வெறும் தொட்டியில் இட்டு வந்தால் பற்றீரியாக்களுக்கு வேண்டிய அமோனியா அதிலிருந்து கிடைக்கும்.

முதலில் நான்கு ஆண் கப்பிகளை மட்டும் விடுங்கள். இரண்டு வாரங்களில் அவை நன்றாக உண்டு, செட்டை விரித்து நீந்தினால் ஒரு ஆணும் மூன்று பெண்களுமாக நான்கு பிளட்டிகளைச் சேர்க்கலாம். அதற்கும் இரண்டு வாரங்கள் கழித்து இன்னும் இரண்டு ஆண் கப்பிகள். அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; பிளட்டிகள் குஞ்சு ஈனும் என்பதால் மீதி இடம் அவற்றுக்குத் தேவை. அடிப்பகுதி வெறுமையாக இருக்கிறதே என்று, அடியில் மேயும் கொரிடோரஸ் மீன் வாங்க ஆசை வரும். அதன் பெரும்பாலான வகைகள் நம் கோடைச் சூட்டை விரும்பாதவை, உப்பையும் தாங்காதவை. மொலிக்கோ கப்பிக்கோ நோய் வந்து உப்பிட வேண்டியிருந்தால் கொரிடோரஸுக்கு அது கேடாகும். ஒரே மருந்தைத் தாங்கக்கூடிய மீன்களை ஒன்றாக வைப்பதும் பொருத்தத்தின் ஒரு பகுதியே.

கடையில் மீனைத் தெரிவுசெய்யும்போது அந்தத் தொட்டி முழுவதையும் பாருங்கள். ஒரு மீன் செட்டையை மடக்கி மூலையில் நின்றாலோ, உடலில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் இருந்தாலோ, அதே தொட்டியில் உள்ள நலமான மீனையும் வாங்க வேண்டாம். வெயில் ஏறுமுன் காலையில் வாங்கி, பொலித்தீன் பையை நிழலில் கொண்டுவந்து, கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பைக்குள் சேர்த்து, அரை மணி நேரத்தின் பின் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். ஏற்கெனவே மீன்கள் உள்ள தொட்டியானால் புதியவற்றை இரண்டு வாரங்கள் தனி வாளியிலோ சிறு தொட்டியிலோ வைத்துக் கவனிப்பது மிக அவசியம். 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்தவர்கள் பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வைப்பதன் தேவையை அறிவார்கள்.

எவ்வளவு கவனித்துத் தெரிவுசெய்தாலும் ஒரு மீன் மற்றதைத் துரத்துவது சில வேளைகளில் நேரும். முதலில் தாவரங்களையும் கற்களையும் இடம் மாற்றி வையுங்கள். எல்லைகள் குழம்புவதால் பல சண்டைகள் அடங்கிவிடும். அடங்காவிட்டால் துரத்தும் மீனைத் தனியாக்கி, வாங்கிய கடைக்கோ இடவசதியுள்ள ஒருவருக்கோ கொடுத்துவிடுங்கள். கந்தளாய்க் குளத்திலோ மகாவலியிலோ வயல் வாய்க்காலிலோ விட்டுவிடுவது இரக்கம் என்று எண்ண வேண்டாம். வீட்டுத் தொட்டிகளுக்காகக் கொண்டுவரப்பட்ட டாங்க் கிளீனர் மீன்கள் இன்று இலங்கையின் நன்னீர் நிலைகளில் பரவி, நாட்டு மீன்களின் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்கின்றன. வலையில் அவை சிக்கும்போது நன்னீர் மீனவரின் வலையும் கிழிகிறது.