க்ளையன்ட் ஆபீஸில் வேலை, சம்பளம் வேறு கம்பெனியில்: கனடா பி.ஆர்.க்கு அனுபவக் கடிதம் வாங்குவது எப்படி?

கனடா பி.ஆர்.க்கு (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பிக்கும் ஆன்லைன் முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ப்ரொஃபைல் போடுவதெல்லாம் சுலபம். ஐ.டி.ஏ. (விண்ணப்பிக்கச் சொல்லி வரும் அழைப்பு) வந்தபின் 60 நாள்தான் கெடு, அதில் பெரும்பகுதியை அனுபவக் கடிதமே தின்றுவிடும். இப்போதே கேட்டுவையுங்கள்.

1. யாரிடம் வாங்குவது?
சம்பளம் போடும் கம்பெனியிடம். க்ளையன்ட்டின் ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டியிருந்தாலும் கடிதம் உங்கள் கம்பெனி லெட்டர்ஹெட்டில்தான் வர வேண்டும். க்ளையன்ட் மேனேஜர் எழுதித் தந்தால் கூடவே இணைக்கலாம். அது மட்டும் போதாது.

2. என்ன இருக்க வேண்டும்?
வகித்த பதவிகள், தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், சலுகைகள், செய்த வேலைகள், கையெழுத்துப் போடுபவரின் பெயர், பதவி, தொடர்பு விவரம். மணி நேரத்தை நம்மூர் எச்.ஆர். தானாக எழுதுவது அபூர்வம், கேட்டு வாங்குங்கள்.

3. செய்த வேலைகள்
இங்கேதான் இடிக்கும். "க்ளையன்ட்டிடம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று எங்கள் எச்.ஆர். கையை விரித்துவிட்டார். நியாயமான கேள்விதான். ப்ராஜெக்ட் வாரியாக நானே எழுதி, ரிப்போர்ட்டிங் மேனேஜரிடம் "சரி" என்று மெயில் வாங்கி, அதோடு எச்.ஆர்.க்கு அனுப்பினேன். அப்புறம் கையெழுத்து வந்தது.

இந்தப் பொருளில் ஒரு வரி கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்: "எங்கள் ஊதியப் பட்டியலில் இருந்தபடியே, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை ஒரு வங்கி வாடிக்கையாளரின் அலுவலகத்தில் பணிபுரிந்தார்." க்ளையன்ட் பெயர் ரகசியம் என்றால் இப்படியே விடலாம்.

என்.ஓ.சி. எனும் கனடா அரசின் தொழில் பட்டியலில், மென்பொருள் வேலைகளுக்கான 21231, 21232 பக்கங்களில் உள்ளதை அப்படியே ஒட்டாதீர்கள். "பணப் பரிமாற்றப் பகுதிக்கு ஜாவாவில் ஏ.பி.ஐ. எழுதினார்" என்று எழுதினால் நீங்கள் செய்த வேலை தெரியும். டெசிக்னேஷனைவிட வேலைதான் முக்கியம்.

எச்.ஆர். அசையவே இல்லையா? அவர்கள் தரும் சர்வீஸ் சர்டிஃபிகேட், மேனேஜரின் நோட்டரி அஃபிடவிட், ஏன் முழுக் கடிதம் கிடைக்கவில்லை என்ற உங்கள் விளக்கக் கடிதம், மூன்றையும் சேர்த்து வையுங்கள்.

4. துணை ஆதாரம்
பேஸ்லிப், ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக். எனக்குப் பிடித்தது பாஸ்புக்தான்: எந்தக் கம்பெனி மாதாமாதம் பணம் கட்டியது என்பது அதிலேயே இருக்கும், யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

5. பதிவேற்றம்
எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்குங்கள், 4 எம்.பி.க்குள். சம்பள விவரத்தை பி.டி.எஃப்.களை இணைத்துத் தரும் ஆன்லைன் தளங்களில் ஏற்றுவது எனக்கு ஒப்பாது. பி.டி.எஃப்.சாம் பேசிக் என்ற மென்பொருள் இலவசம், நம் கணினியிலேயே ஓடும்.

பின்சேர்க்கை: ஆன்சைட் (வெளிநாட்டு க்ளையன்ட்டின் இடத்துக்கே) போனவர்கள் பலர் இதைக் கேட்டார்கள். படிவத்தில் நாடு என்ற இடத்தில், நீங்கள் உட்கார்ந்து வேலை செய்த நாட்டைப் போடுங்கள். கடந்த 10 ஆண்டுகளில் அங்கே தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்நாட்டு போலீஸ் சான்றிதழும் வேண்டும். அமெரிக்கா என்றால் எஃப்.பி.ஐ.யிடம், கைரேகையோடு.