இலையிலிருந்து சவன்னா மரத்தின் வரலாறு: தொடக்கநிலை செய்முறை

சவன்னா எனும் வெப்பமண்டலப் புல்வெளியில் தள்ளித்தள்ளி நிற்கும் மரங்கள் எங்கிருந்து பரவின, எந்த வறட்சியில் குறுகின என்பதை அவற்றின் டி.என்.ஏ. சொல்லும். ஆப்பிரிக்காவில் செனகல் முதல் உகாண்டா வரை வளரும், கொட்டையிலிருந்து வெண்ணெய் போன்ற கொழுப்பு தரும் ஷியா மரத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

படி 1: கேள்வி
ஷியாவில் மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று என இரு துணையினங்கள் உண்டு. அவை எப்போது பிரிந்தன? இவ்வளவு குறுகலான கேள்வியே போதும்.

படி 2: அனுமதி
ஒரு நாட்டின் மரபுவளங்களைப் பிறர் பயன்படுத்துவதை முறைப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான நகோயா நெறிமுறை 2014 முதல் நடைமுறையில் உள்ளது. மரம் நிற்கும் நாட்டின் விதிகளின்படி ஒப்புதல் பெற்ற பிறகே இலையைத் தொடுங்கள்.

படி 3: இலை சேகரிப்பு
இங்கே அவசரப்பட்டால் பின்னால் எந்தக் கணக்கும் கைகொடுக்காது. ஓர் இடத்துக்கு 25–30 மரங்கள் எடுங்கள். பல விதைகள் தாய்மரத்தடியிலேயே விழுவதால் அடுத்தடுத்த மரங்கள் உறவாக இருக்கக்கூடும். 100 மீட்டராவது இடைவெளி விடுங்கள். இளம் இலையைக் கிழித்து, அதன் எடையைப்போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் உலர்த்துங்கள். ஜி.பி.எஸ். புள்ளியோடு, மரம் நிற்பது வயலா, தரிசா, காடா என்பதையும் குறியுங்கள். காட்டைத் திருத்தும் உழவர்கள் நன்றாகக் காய்க்கும் ஷியாவை வெட்டாமல் விடுவார்கள். அந்தத் தேர்வும் மரத்தின் வரலாற்றில் சேர்த்திதான்.

முதிர்ந்த மரங்களையும் கன்றுகளையும் தனித்தனியே சேகரிப்பது மிக முக்கியம் என்பேன். முதிர்ந்தவை பழைய மரபணுப் பன்மையை இன்னும் தாங்கி நிற்கும். அண்மைக்கால இழப்பு கன்றுகளில்தான் முதலில் தெரியும்.

படி 4: இரு வகை டி.என்.ஏ.
பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் பசுங்கணிக டி.என்.ஏ. தாய்வழியே மட்டும் வரும். எனவே அது விதை போன வழியைக் காட்டும். உட்கரு டி.என்.ஏ.வில் மகரந்தத்தின் பங்கும் உண்டு. ஷியாவின் மகரந்தத்தைத் தேனீக்கள் சுமக்கின்றன. விதையைப் பழந்தின்னி வௌவால்களும் மனிதர்களும் கொண்டுபோகிறார்கள். பசுங்கணிகத்தில் கூர்மையான பிளவும் உட்கருவில் மெல்லிய வேறுபாடும் தெரிந்தால், விதை தாண்டாத எல்லையை மகரந்தம் தாண்டியிருக்கக்கூடும். இந்த முரண்தான் ஆய்வின் உயிர்.

படி 5: ஆய்வகம்
டி.என்.ஏ.வைப் பிரித்து, டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பி.சி.ஆர். முறை மூலம் மைக்ரோசாட்டிலைட் பகுதிகளை (சில எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும் துண்டுகளை) பெருக்கி, நீளத்தை அளக்க வேண்டும். ஷியாவுக்குப் பதில் பாவோபாப் எடுத்தால் கவனம்: ஆப்பிரிக்க பாவோபாப்புக்குக் குரோமோசோம் தொகுதிகள் நான்கு. இரண்டு தொகுதிகளுக்கு எழுதிய சூத்திரம் அதற்குப் பொருந்தாது.

படி 6: கணக்கு
ஒவ்வோர் இடத்திலும் அல்லீல்களின் (ஒரே டி.என்.ஏ. பகுதியின் வெவ்வேறு வடிவங்களின்) எண்ணிக்கையைப் பாருங்கள். மரங்கள் திடீரெனக் குறைந்தால் அரிய அல்லீல்களே முதலில் மறையும். மரபணு ஒற்றுமைப்படி மரங்களைக் குழு பிரிக்கப் பலரும் 2000-இல் வெளிவந்த ஸ்ட்ரக்சர் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குமுன் தூரத்தையும் மரபணு வேறுபாட்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். தூரம் கூடக்கூட வேறுபாடு சீராகக் கூடினால், மென்பொருள் காட்டும் குழுக்கள் வெறும் தோற்றமாக இருக்கலாம்.

படி 7: காலம்
ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன், பனியுக உச்சத்தில், ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி வறண்டிருந்தது. பிறகு வந்த ஈரக்காலத்தில் சகாராவே பசுமையானது. அது முடிந்து ஏறத்தாழ 5,000 ஆண்டுகள் ஆகின்றன. பிரிந்த காலத்தைக் கணிக்கும் உங்கள் கணித மாதிரி (மாடல்) காலத்தைத் தலைமுறைகளில்தான் தரும். பிரிவு 500 தலைமுறைகளுக்கு முன் என்று வந்தால், தலைமுறைக்கு 20 ஆண்டு எனில் 10,000 ஆண்டு, ஈரக்காலம். 40 ஆண்டு எனில் 20,000 ஆண்டு, கடும் வறட்சி. விளக்கமே தலைகீழாகிவிடும். இரண்டையும் கணக்கிட்டு, காலத்தை ஒரு வீச்சாகவே எழுதுங்கள்.