மெலிந்த பிறகு போடலாம் என்று தைக்காதீர்கள்

மட்டக்களப்பு தாழங்குடா கல்வியியற் கல்லூரியில் ரீச்சருக்குப் படித்து முடித்த பிள்ளைகளுக்கு நியமனம் கிடைத்தால் எங்கள் பக்கத்துத் தையல்காரிகளுக்கு நித்திரை இல்லை. கையில் ஒரு பெரிய பை, பைக்குள் ஏழெட்டுச் சாறி, எல்லாம் ஒரே நாளில் ஒரே கடையில் எடுத்தது. "அக்கா, திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போகணும், எல்லாத்துக்கும் சட்டை தைச்சுத் தாங்க" என்று வந்து நிற்பார்கள். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்துக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலைக்குச் சேர்கிறவர்களும் இதே கதைதான். ஒவ்வொரு தொகுதியும் முந்தின தொகுதி விட்ட பிழையையே விடுகிறது.

கொசுவம் கோணலாக வருவது, பின் குத்தத் தெரியாமல் முந்தானை சரிவது எல்லாம் நான் பிழையில் சேர்க்க மாட்டேன். ரெண்டு கிழமையில் கை பழகிவிடும். காசும் மனசும் சேர்ந்து போகிற சங்கதிகளை மட்டும் சொல்கிறேன்.

ஒரே நாளில் அலுமாரியை நிரப்புவது

முதல் மாதம் மூன்று சாறி போதும். பாதையேறி (வாவி கடக்கிற மிதவையில் ஏறி) மண்டூருக்குப் போகிற ரீச்சருக்கும், கல்லடியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே படிப்பிக்கிற ரீச்சருக்கும் தேவை ஒன்றில்லை. ஸ்கூட்டியில் போவீர்களா, பஸ்ஸில் நின்றுகொண்டு போவீர்களா என்று தெரிந்த பிறகுதான் எந்தத் துணி உங்களுக்குத் தோதுப்படும் என்று தெரியும். கறுப்பு, மரூன், சந்தன நிறம் என்று மூன்று சட்டை நல்ல அளவில் தைத்துக்கொண்டால், அம்மாவின் பழைய சாறிகளில் பாதிக்கு அதுவே பொருந்தும். மறுகா ஆறுதலாக வாங்குங்கள்.

மெலிந்த பிறகு போடலாம் என்று தைப்பது

நெஞ்சில் நாடாவைச் சுற்றியதும் மூச்சைப் பிடிப்பார்கள். நான் நாடாவைப் பிடித்தபடி பேசாமல் நிற்பேன். எவ்வளவு நேரத்துக்குப் பிடிப்பாள்? விட்டதும் வருகிற அளவைத்தான் எழுதுவேன். 37 என்று எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுவாள்: "அக்கா, 35 போடுங்க. நான் இப்ப டயட்டில இருக்கன், சித்திரைக்கிடையில மெலிஞ்சிருவன்."

இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சாறிச் சட்டையை உடம்பளவுக்கு அப்படியே தைப்பதில்லை. நெஞ்சைச் சுற்றி ஒன்று, ஒன்றரை இஞ்சி கூட்டித்தான் வெட்டுவோம். மூச்சு விடவும், கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கவும் அந்த இடம் வேண்டும். அதையும் எடுத்துவிட்டு மேலும் ரெண்டு இஞ்சியைக் குறைத்தால் என்ன நடக்கும்? கொக்கிகளுக்கு நடுவே வாய் பிளக்கும். கமக்கட்டிலிருந்து நெஞ்சை நோக்கிக் கோடு கோடாகச் சுருக்கம் விழும். பின்னேரம் கழற்றும்போது புயத்தில் கைமடிப்பின் தடம் சிவந்து கிடக்கும். இறுக்கமாகப் போட்டால் மெலிவாகத் தெரியும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. இறுகின சட்டைக்கு மேலும் கீழும் சதை பிதுங்கி, உள்ளதை விடப் பருமனாகத்தான் காட்டும்.

தளர்வான சட்டையைப் பிடித்துக் கொடுக்க எனக்குப் பத்து நிமிசம் காணும். சின்னதாக வெட்டினதைப் பெரிதாக்குவது உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கணக்குச் சின்னதுதான். சட்டைக்கு ரெண்டு விலாத் தையல், ஒவ்வொன்றிலும் முன்துண்டு, பின்துண்டு என்று ரெண்டு மடிப்பு. ஆக நாலு. ஒவ்வொரு மடிப்பிலும் தையலுக்கு வெளியே ஒரு இஞ்சி கூடுதலாக விட்டால், நாலு இஞ்சி உங்கள் கையிருப்பில் இருக்கிறது. பிள்ளை பெற்ற பிறகும் அதே சட்டையைப் போடலாம். கால் இஞ்சி மட்டும் விட்டு ஓவர்லொக் அடித்து ஒட்ட வெட்டினால், மூன்று கிலோ கூடினதும் சட்டை போச்சு. மேல்துணியில் தாராளமாக விட்டு லைனிங்கில் பிசுக்குகிற டெய்லர்மாரும் இருக்கிறார்கள். அப்போது விட்டும் பிரயோசனம் இல்லை. ஆகவே துணியைக் கொடுக்கும்போதே கேளுங்கள்: "உள்ளுக்கு எவ்வளவு விடுவீங்க? லைனிங்கிலயும் விடுவீங்களா? கைக்கும் விடுவீங்களா?" பட்டு என்றால் இன்னும் கவனம். பிரித்து விட்டாலும் பழைய ஊசித் துளை வரிசையாகத் தெரியும்.

ஒரு கலியாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். கூறைச் சாறிக்கு வேறிடத்தில் தைத்த சட்டை. உடம்பு 37, சட்டை 34. பிள்ளையே கேட்டுத் தைப்பித்தது. மெலிவதற்கென்று பல கிழமையாகச் சோற்றைத் தொடவில்லையாம்; முகம் வாடினதுதான் மிச்சம், கொக்கி ரெண்டு விரல் தள்ளி நின்றது. உள்ளே பார்த்தால் கால் இஞ்சி. கடையில் போய் அதே துணி வாங்கவும் ஏலாது, சட்டைத்துண்டு சாறியோடேயே நெய்து வருவது. தாய் ஒரு பக்கம் அழ, கூட வந்த மாமி, "நான் அப்பவே சொன்னன், சோத்தைக் குறையெண்டு" என்கிறா. "அளவைக் குறைச்சு வெட்டினவட்டப் போய்க் கேளுங்க மாமி, புள்ளைய விடுங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். சாறியில் இடுப்புக்குள் செருகுகிற தலைப்பில் அஞ்சு இஞ்சி அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டி, ரெண்டு கமக்கட்டுக்குக் கீழேயும் பட்டி வைத்துத் தைத்தோம். செருகினால் சாறி குறைந்தது தெரியாது, கையை இறக்கினால் பட்டியும் தெரியாது. ஆனால் அந்த விலைக்கு எடுத்த கூறையில் கத்தரிக்கோல் வைக்க எனக்கே கை கூசியது.

உடம்பு ஒரே மாதத்துக்குள்ளேயே ஒரு அளவில் நிற்பதில்லை. மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் நெஞ்சு கொஞ்சம் வீங்கும், வயிறு உப்பும். அந்தக் கிழமை எல்லாச் சட்டையும் இறுகும். அதற்குப் போய் "நான் கொழுத்திட்டன்" என்று காலைச் சாப்பாட்டை விடுகிறவர்களை எனக்குத் தெரியும். அலுமாரியில் அந்த 35 தொங்கிக்கொண்டு ஒவ்வொரு நாளும் விடியவே குறை சொல்லும், வேலைக்குப் போகிற அவசரத்தில் அது தேவையா? இன்றைய உடம்புக்குத் தையுங்கள். மெலிந்தால் கொண்டு வாருங்கள், பிடித்துத் தருகிறேன். மெலிந்த பிள்ளைகளையும் சும்மா விடுவதில்லை நம் சனம். "எலும்பு" என்ற பட்டத்துக்குப் பயந்து தொளதொளவென்று தைக்கச் சொல்லுவார்கள். தோள் இறங்கி இன்னும் ஒல்லியாகத் தெரிவார்கள்.

மறைக்கவென்று ரெண்டு சைஸ் கூட்டுவது

இது அபாயா தைக்க வருகிற காத்தான்குடி ராத்தாமாருக்கு. உடம்பு தெரியக் கூடாது என்றால் அகலத்தைக் கூட்டுங்கள், தோளையும் நீளத்தையும் கூட்டாதீர்கள். தோள்மூட்டில் தையல் சரியாக நின்றால் கீழே எவ்வளவு விரிந்தாலும் அழகாக விழும். நீளம் கூடினால் ஸ்கூட்டிச் சில்லில் சுற்றும். அது அழகு பற்றின விசயம் இல்லை, உயிர் பற்றினது.

பழைய பிராவோடு அளவு கொடுப்பது

தளர்ந்த பிராவோடு அளவு எடுத்தால் நெஞ்சுக்குப் பிடிக்கிற டார்ட் மடிப்பின் முனை கீழே இறங்கிவிடும். மறுநாள் புதிதைப் போட்டுக்கொண்டு வந்து, "சட்டை பிழை" என்பீர்கள்.

ஒன்லைனில் "ஃப்ரீ சைஸ்"

நெஞ்சளவு எத்தனை இஞ்சி என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

"கறுப்புக்கு இந்தக் கலர் எடுக்காது"

சாறிக்கடையில் விற்கிற பிள்ளையே சொல்லும், கூட வருகிற பெரியம்மாவும் சொல்லுவா. கேட்டுவிட்டு வெளிறின பிங்க்கும் இளநீலமும் எடுத்துக்கொண்டு வருவார்கள். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் கடும் மஞ்சள், மயில் நீலம், அரக்குச் சிவப்பு எப்படித் தூக்கும் என்று பகல் வெளிச்சத்தில் தோளில் போட்டுப் பார்த்தால் தெரியும். கடை லைட்டில் பார்க்காதீர்கள், வாசலுக்குக் கொண்டு வாருங்கள்.

கச்சான் காற்றில் பொலியஸ்டர்

கசங்காது, அயன் வேண்டாம் என்று எடுப்பார்கள். சூட்டுக் காற்றான கச்சான் வீசுகிற மாதங்களில் மத்தியானம் வகுப்பறையில் நின்று பாருங்கள். வேர்வை துணியில் ஊறாமல் முதுகில் வழியும். கல்முனைப் பக்கம் போனால் மருதமுனைக் கைத்தறியில் ஒன்று எடுங்கள். முதல் தடவை தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள், கடும் நிறம் சாயம் விடலாம். பருத்திச் சட்டைத்துணி என்றால் வெட்டுமுன் நனைத்துக் காயவைத்துத் தரவும். தைத்த பிறகு சுருங்கினால் என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

மாரிக்குப் பட்டுச் சாறியைப் பொலித்தீனில் கட்டி வைப்பதும் இதே ரகம். ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், சரிகை கறுக்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள்.

உள்பாவாடை நாடாவை இறுக்குவது

சாறி அவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் இடுப்பு வெட்டுகிற மாதிரிக் கட்டுவார்கள். நாடா ஒரே இடத்தில் வருசக்கணக்காக உரசினால் தோல் கறுக்கும், தடிக்கும், சிலருக்குப் புண்ணாகும். ஆறாத அப்படியான புண் தோல் புற்றுநோயாக மாறின பெண்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் நடந்தது. மெல்லிய நாடாவை எடுத்துவிட்டு மூன்று விரல் அகலத்துக்குப் பட்டி வைத்துக் கொக்கி போடச் சொல்லுங்கள், சாறி நிற்கும். வீட்டில் இருக்கும்போது நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள். இடுப்பில் ஆறாத புண் இருந்தால் பவுடர் போட்டு மறைக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள். அம்மாவையும் கேளுங்கள், அவவுக்கு இருந்தாலும் வெட்கத்தில் சொல்லியிருக்க மாட்டா.